ஒஸ்லோவின் நூர்மார்க்கா காட்டில் சைக்கிள் ஓட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவின் வடக்கு எல்லையில் தொடங்கி மலையும் ஏரியும் ஊசியிலைக் காடுமாக விரிந்து கிடக்கும் நிலப்பரப்பே நூர்மார்க்கா. மெல்லிய டயர் பூட்டிய வீதிச் சைக்கிளோடு முதன்முறை அங்கே செல்ல விரும்புவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. பல ஆண்டுகளாக அந்தப் பாதைகளில் ஓட்டிப் பழகியவன் என்ற முறையில் என் சொந்தக் கருத்துகளையும் ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன்.

நூர்மார்க்கா முழுவதும் இயற்கைக் காப்பகமா?

இல்லை. இந்தக் காட்டின் மீது வெவ்வேறு சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. முதலாவது, ஒஸ்லோவையும் அதைச் சூழ்ந்த நகராட்சிகளையும் ஒட்டிய காடுகள் அனைத்துக்கும் பொதுவான 'மார்க்கா சட்டம்'. 2009 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் காட்டுக்கு ஓர் எல்லைக்கோட்டை வரைந்து, அதற்குள் கட்டடம் எழுப்புவதையும் மோட்டார் வாகனம் ஓட்டுவதையும் பெரும்பாலும் தடுக்கிறது. ஒஸ்லோ நகராட்சியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. இரண்டாவது, நகரிலிருந்து காட்டுக்குள் நுழையும் மாரிடாலன் பள்ளத்தாக்குக்கு 2001-இல் தரப்பட்ட நிலக்காட்சிப் பாதுகாப்பு. அங்கே வயல்களும் பண்ணைகளும் அப்படியே தொடர வேண்டும் என்பதே அதன் நோக்கம். மூன்றாவதுதான் 'இயற்கைக் காப்பகம்' என்று சட்டம் பெயரிட்டு அழைக்கும், மிகக் கண்டிப்பான பாதுகாப்பு பெற்ற தனித்தனிப் பகுதிகள். மாரிடாலனிலேயே உள்ள டௌஷோயன் என்னும் சிறு ஏரியும், காட்டின் வடமேற்கில் உள்ள ஸ்போலன்-காட்னோசா பழங்காடும் அத்தகையவை. ஆகவே ஒரே நாளில் இந்த மூன்று வகை நிலங்களின் ஊடாகவும் நீங்கள் சென்று திரும்பலாம். எல்லையில் நடப்பட்டிருக்கும் பலகையைப் படிக்காவிட்டால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

அங்கே சைக்கிள் ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறதா?

அனுமதிக்கிறது. நோர்வேயில் எவரும் பயிரிடப்படாத நிலத்தில், அது யாருடைய சொத்தானாலும், நடந்து செல்லலாம் என்னும் பழைய வழக்குரிமை உண்டு. 1957-ஆம் ஆண்டின் வெளிப்புற வாழ்வுச் சட்டம் அதை எழுத்தில் உறுதிசெய்தபோது, காட்டில் உள்ள வீதிகளிலும் ஒற்றையடிப் பாதைகளிலும் சைக்கிள் ஓட்டும் உரிமையையும் சேர்த்துக்கொண்டது. நூர்மார்க்காவின் பெரும்பகுதி ஒரு குடும்பத்தின் தனியுடைமையாக இருந்தும் எவரிடமும் அனுமதி கேட்காமல் நாம் உள்ளே போய்வர முடிவது இந்த உரிமையால்தான். இயற்கைக் காப்பகங்களில் மட்டும் ஒவ்வொன்றுக்கும் தனி விதிமுறை உண்டு. பொதுவாக, ஏற்கெனவே உள்ள வீதியை விட்டு விலகிச் சைக்கிள் ஓட்டக் கூடாது. வீதிச் சைக்கிள் வைத்திருப்பவர் வீதியை விட்டு விலகப் போவதில்லை என்பதால், இந்த விதி அவரை வருத்தாது.

வீதிச் சைக்கிளில் எவ்வளவு தூரம் உள்ளே போக முடியும்?

தார் வீதி முடியும் இடம் வரை. ஏமாற்றமாக இருந்தாலும் நேர்மையான பதில் அதுதான்.

நகரிலிருந்து காட்டை நோக்கிச் செல்லும் தார் வீதிகள் விரல்களைப்போல நீண்டு, காட்டின் விளிம்பிலோ சற்று உள்ளேயோ நின்றுவிடுகின்றன. மாரிடாலன் வழியாக ஸ்கார் என்னும் இடம் வரை ஒன்று. மேற்கே சோர்க்கடாலன் பள்ளத்தாக்கின் உட்பகுதி வரை இன்னொன்று. ஹோல்மன்கோலன் மலையேறித் திரிவான் வரை மற்றொன்று. கிழக்கே கிரெஃப்சன்கோலன் உச்சிக்கு ஒரு குறுகிய ஏற்றம். இவற்றின் முனைகளுக்கு அப்பால் ஒரு தடைக்கம்பமும், அதைத் தாண்டினால் மரம் வெட்டி ஏற்றும் லொறிகளுக்காகப் போடப்பட்ட சரளை வீதிகளும் தொடங்குகின்றன. கார்களைத் தடுக்கும் அந்தக் கம்பத்தின் ஓரமாகச் சைக்கிள் நுழைய இடம் விட்டிருப்பார்கள். காட்டை ஊடறுத்து மறுபக்கம் போக விரும்புபவர் சரளையில் ஓடத்தான் வேண்டும். வரைபடத்தில் ஒரே தடிப்பில் தெரியும் இரண்டு கோடுகளில் ஒன்று பளபளப்பான தாராகவும் மற்றது முட்டையளவு கற்களாகவும் இருக்கலாம் என்பதால், எவ்வளவு தூரம் என்று கேட்பதற்கு முன் எத்தகைய தரை என்று கேட்பது நல்லது.

முதன்முறை போகிறவருக்கு எந்தப் பாதை ஏற்றது?

தயக்கமின்றி மாரிடாலன் என்று சொல்வேன். நகர மையத்திலிருந்து ஸ்கார் வரை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். வீட்டு நெரிசலைத் தாண்டியதும் மாரிடால்ஸ்வான் ஏரி கண்முன் விரியும். அதன் பிறகு பெரிய ஏற்றமில்லை. சிறு மேடு பள்ளங்கள் மட்டும் உண்டு. வேலை முடிந்த மாலை வேளைகளில் ஒஸ்லோவின் சைக்கிள்காரர்களில் பாதிப் பேர் இங்கேதான் இருக்கிறார்களோ என்று எண்ணத் தோன்றும் அளவுக்குக் கூட்டம் வரும். வீதி குறுகியது, பேருந்தும் அதே வீதியில்தான் ஓடுகிறது.

இந்த ஏரிதான் நெடுங்காலமாக ஒஸ்லோ மக்களின் குடிநீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கைத் தந்துவருகிறது. அதன் கரையில் ஒரு வீடமைப்புத் திட்டமோ விடுதியோ இல்லாமல் இருப்பதற்கும், அதற்கு நீர் கொண்டுவரும் காடு இன்றும் காடாகவே இருப்பதற்கும் இது பெரிய காரணம். ஏரியில் குளிக்கக் கூடாது. வெயில் நாளில் வியர்த்து வந்தவருக்கு அந்தக் குளிர்ந்த நீரைப் பார்த்துக்கொண்டே கடப்பது சற்றுக் கடினம்தான். ஆனாலும் விதி கண்டிப்பானது.

பள்ளத்தாக்கில் 13-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட புனித மார்கரெட்டா தேவாலயத்தின் இடிபாடு நிற்கிறது. மாரிடாலன் என்ற பெயர் அந்த மார்கரெட்டாவிலிருந்தே வந்தது. 'மாரி' என்றதும் மழையை நினைக்கும் தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் வேறு பொருள் தருகிறது. அங்கே நான் நனைந்த நாட்களை எண்ணிப் பார்த்தால் அந்தப் பொருளும் தவறென்று சொல்ல மனம் வரவில்லை. ஹாமரன் என்னும் இடத்தில் 1900-இல் இயங்கத் தொடங்கிய சிறு நீர்மின் நிலையம் ஒன்றும் உண்டு. பழைய செங்கற் கட்டடங்களில் ஆர்வமுள்ளவர்கள் அங்கே ஐந்து நிமிடம் இறங்கலாம்.

ஏற்றங்கள் எவ்வளவு கடினமானவை?

ஆல்ப்ஸ் மலையோடு ஒப்பிட்டால் எல்லாமே சிறியவை. நகரின் ஒரு பகுதியான மையூர்ஸ்துவாவிலிருந்து ஹோல்மன்கோலன் வழியாகத் திரிவான் கோபுரம் வரை ஏறினால் 450 மீட்டருக்கு மேல் உயரம் கூடும். கோபுரம் நிற்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து 529 மீட்டர். கிரெஃப்சன்கோலனின் உச்சி 377 மீட்டர்தான். ஆனால் காட்டின் உட்பகுதியில் உயரம் ஒரே ஏற்றமாக வராது. நூறு மீட்டர் ஏறி, அறுபது இறங்கி, மறுபடியும் எண்பது ஏறி என்று நாள் முழுவதும் தவணை முறையில் கால்களிடமிருந்து வசூலிக்கப்படும். நீண்ட ஏற்றத்துக்குப் பழகியவர்கள்கூட இந்த ஏற்றயிறக்கத்தில் சோர்ந்துபோவதைக் கண்டிருக்கிறேன்.

நிலம் இப்படி முறுக்கிக் கிடப்பதற்குக் காரணம் அதன் பாறை. 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, இன்றைய ஒஸ்லோப் பகுதியில் நிலத்தட்டு பிளந்து எரிமலைகள் கொந்தளித்தன. நிலத்துக்கு அடியிலேயே உறைந்துபோன பாறைக் குழம்பை, அதன் மேலிருந்த அடுக்குகள் தேய்ந்தபின் நாம் இப்போது மிதித்துச் செல்கிறோம். அதில் ஒரு செந்நிறப் பாறை வகைக்கு இந்தக் காட்டின் பெயராலேயே 'நூர்மார்க்கைட்' என்று உலகெங்கும் பெயர் வழங்குகிறது. தமிழர்கள் பலர் வாழும் குரூருட் பகுதியின் பெயரிலும் 'குரூருடைட்' என்று ஒரு பாறை வகை உண்டு என்பது அங்கே வாழ்வோரில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! பின்னாளில் பனியாறுகள் இந்தப் பாறையைச் சுரண்டிக் குழிகளில் ஏரிகளையும் மேடுகளில் மெல்லிய மண்ணையும் விட்டுச் சென்றன. காட்டு வீதிகள் அந்த ஏரிகளுக்கு இடையே வளைந்து போவதால்தான் ஏற்றமும் இறக்கமும் இப்படி மாறிமாறி வருகின்றன.

கியரைப் பொறுத்தவரை, முன்பக்கச் சிறிய பற்சக்கரத்தில் 34 பல்லும் பின்பக்கப் பெரிய பற்சக்கரத்தில் 32 பல்லும் இருந்தால் போதும். பந்தய வீரர்களுக்கான கனத்த கியரைப் பூட்டிக்கொண்டு வந்து முழங்காலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரளை வீதிகளுக்கு எந்த டயர் வேண்டும்?

தார் வீதிக்கு மட்டும் என்றால் 25 அல்லது 28 மில்லிமீட்டர் போதும். சோங்ஸ்வான் ஏரியிலிருந்து உல்லவோல்சேத்தர் விடுதிக்குச் செல்வது போன்ற நன்கு இறுகிய சரளை வீதியை 32 மில்லிமீட்டர் டயர் தாங்கும். அதற்கும் அப்பால் கிக்குட் பக்கமாகப் போவதென்றால் 38 அல்லது 40 மில்லிமீட்டர் இருந்தால்தான் மனம் நிம்மதியாக இருக்கும். அகலமான டயரைப் பூட்டும்போது காற்றழுத்தத்தையும் குறைக்க வேண்டும். தார் வீதிக்கு அடிப்பதுபோல் இறுக்கமாக அடித்தால் சக்கரம் கல்லுக்குக் கல் துள்ளும், வளைவில் பிடிமானம் இருக்காது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஸ்காரில் தார் முடிந்ததும், இன்னும் கொஞ்சத் தூரம்தானே என்று 25 மில்லிமீட்டர் டயரோடு ஓயுங்கன் ஏரிப் பக்கம் ஏறினேன். ஏரிக்கு எட்டுமுன் முதல் டியூப் போயிற்று. திரும்பி இறங்கும்போது கையில் இருந்த ஒரே மாற்று டியூபும் போயிற்று. சைக்கிள் செருப்பின் அடியில் இருந்த இரும்புக் கொக்கி சரளையில் சறுக்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன். வழியில் எதிர்ப்பட்ட முதியவர் ஒருவர், தடித்த டயர் பூட்டிய தம் பழைய சைக்கிளிலிருந்து இறங்காமலே, இரக்கத்தோடு தலையசைத்துச் சென்றார். அதன்பின் இரண்டு டியூப், ஒட்டுப்போடும் வில்லை, கைப்பம்பு மூன்றும் இல்லாமல் நான் காட்டுக்குள் போவதில்லை.

எந்த மாதங்களில் போகலாம்?

மே மாதத்தின் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் இறுதிவரை நல்ல காலம். ஏப்ரலில் நகரத்து வீதிகள் உலர்ந்துவிட்டாலும், குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்கத் தூவிய சிறுகல் வளைவுகளில் இன்னும் கிடக்கும். கூட்டிப் பெருக்குவதற்குள் வேகமாக இறங்கினால் விழ நேரிடும். அதே காலத்தில் காட்டுக்குள் உறைந்த நிலம் இளகிச் சரளை வீதிகள் சேறாகும். உள்ளே நிழலான இடங்களில் மே தொடக்கம்வரை பனி கிடப்பது வியப்பில்லை.

ஜூன் இறுதியில் ஏறத்தாழ 19 மணி நேரம் சூரியன் வானில் இருக்கும். மாலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு, வெளிச்சத்திலேயே காட்டைச் சுற்றிவிட்டு வர முடியும். டிசம்பரிலோ பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. குளிர்காலத்தில் சரளை வீதிகள் பலவும் பனிச்சறுக்குப் பாதைகளாக மாறிவிடும். இயந்திரத்தால் கோடு வகுத்துச் சீர்செய்த அந்தப் பாதையில் சைக்கிள் தடம் பதிப்பதை நோர்வேஜியர்கள் எளிதில் மன்னிக்க மாட்டார்கள். ஊசி பதித்த டயரோடு தார் வீதிகளில் ஆண்டு முழுவதும் ஓட்டுபவர்கள் உண்டு. எனக்கு அந்தத் துணிவு இல்லை.

மழையில் என்ன செய்வது?

மழை வரும் என்றே எண்ணிப் புறப்பட வேண்டும். மெல்லிய மழையங்கி, முழுவிரல் கையுறை இரண்டையும் ஜூலையிலும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது உடல் சூடாக இருப்பதால் நனைந்தாலும் குளிர் தெரியாது. இறங்கத் தொடங்கிய சில நிமிடங்களில் விரல்கள் மரத்துப் பிரேக்கைப் பிடிக்க முடியாமல் போகும். 1993-இல் ஒஸ்லோவில் நடந்த உலக வீதிச் சைக்கிள் பந்தயத்தின் ஆடவர் இறுதி நாள் முழுவதும் மழை பெய்து, உலகின் தேர்ந்த வீரர்களே ஈர வீதியில் வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். ஹோல்மன்கோலனிலிருந்து இறங்கும்போது அதை நினைத்துக்கொள்வது வேகத்தைக் குறைக்க உதவும்.

விலங்குகளால் ஆபத்து உண்டா?

எல்க் என்னும் பெரிய மானே கவனிக்க வேண்டிய விலங்கு. குதிரையை விட உயர்ந்து நிற்கும் அது, அதிகாலையிலும் அந்தி வேளையிலும் ஓசையின்றி வீதியைக் கடக்கும். தாயும் கன்றுமாக நின்றால் நெருங்காமல் நின்றுவிடுங்கள். அவை போனபின் செல்லலாம். லின்க்ஸ் காட்டுப்பூனையும் இந்தக் காட்டில் உண்டு என்றாலும் அதைக் காண்பது பெரும்பேறு. மேய்ச்சல் நிலங்களில் செம்மறியும் மாடும் வீதியிலேயே படுத்திருக்கும். அவை வெளியே போகாமலிருக்க, வீதியின் குறுக்கே இரும்புக் குழாய்களை இடைவெளிவிட்டு அடுக்கிய தடுப்புகள் இருக்கும். அவற்றை நேராகக் கடக்க வேண்டும், சாய்வாகக் கடந்தால் சக்கரம் மாட்டிக்கொள்ளும்.

உண்மையில் என்னை அதிகம் தொல்லைப்படுத்தியது உண்ணிதான். புல்லில் உட்கார்ந்து எழுந்தால், வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறத்தையும் இடுப்பையும் பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவந்த வட்டம் நாளாக நாளாகப் பெரிதானால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது லைம் நோயின் அறிகுறி.

உணவும் தண்ணீரும் வழியில் கிடைக்குமா?

உல்லவோல்சேத்தர், கிக்குட்ஸ்துவா போன்ற காட்டு விடுதிகளில் வாஃபிளும் பன்னும் காப்பியும் கிடைக்கும். திறந்திருக்கும் நாட்கள் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போக வேண்டும். பூட்டிய கதவின் முன் நின்று பசியோடு திரும்புவது கொடுமை. ஜூலை இறுதியிலிருந்து வீதியோரம் முழுவதும் புளூபெரி பழுத்துக் கிடக்கும். யார் வேண்டுமானாலும் பறிக்கலாம். தேநீர் போடத் தீ மூட்டும் எண்ணமிருந்தால், ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் தீ மூட்டுவது நாடு முழுவதும் பொதுவாகத் தடை செய்யப்பட்டிருப்பதை மறக்க வேண்டாம்.

வீதி விதிகளில் எதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்?

சைக்கிளுக்கு மணியும், தனித்தனியாக இயங்கும் இரண்டு பிரேக்குகளும் கட்டாயம். இருட்டினால் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் அது இல்லாமல் எவரும் வருவதில்லை. அறிவிப்புப் பலகை இல்லாத சந்திகளில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். இலங்கையிலோ இந்தியாவிலோ ஓட்டிப் பழகியவருக்கு, நோர்வேயில் வீதியின் வலப்பக்கம் ஓட்டுவது ஒரு வாரத்தில் பழகிவிடும். இந்த வலப்பக்க முன்னுரிமை பழக நெடுநாள் ஆகும்.

காட்டுக்குள் நடப்பவர்களும் குழந்தைகளும் நாய்களும் வீதி முழுவதும் பரவி வருவார்கள். வார இறுதியில் சோங்ஸ்வான் பக்கம் மணியடித்து விரட்டிக்கொண்டு போவதை விட, வேகத்தைக் குறைத்து ஒரு 'ஹேய்' சொல்லிக் கடப்பதே அங்கத்தைய வழக்கம். நேர அளவுப் பயிற்சி செய்ய விரும்புவோர் வேறு வீதியைத் தேடிக்கொள்ளலாம்.

வழி தவறிவிட்டால்?

மரங்களில் பூசியிருக்கும் நிறத்தைப் பாருங்கள். நீலம் கோடைகால நடைபாதை. சிவப்பு குளிர்காலச் சறுக்குப் பாதை. சிவப்பைப் பின்தொடர்ந்தால் கோடையில் சதுப்பிலோ ஏரிக்கரையிலோ போய் நிற்க நேரும், ஏனெனில் அந்தத் தடம் உறைந்த நீரின் மீது போகும்படி அமைந்திருக்கலாம். சந்திகளில் உள்ள மரப்பலகைகள் இடப்பெயரையும் கிலோமீட்டரையும் காட்டும். பள்ளமான இடங்களில் தொலைபேசி இணைப்பு அறுபடுவதால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நேர்ந்தால் ஆம்புலன்ஸுக்கு 113. உயிராபத்து இல்லாத காயத்துக்கு 116117.

களைத்துப்போனால் சைக்கிளோடு ரயிலில் திரும்ப முடியுமா?

முடியும். ஹோல்மன்கோலன் மலையில் 469 மீட்டர் உயரத்தில் உள்ள ஃப்ரொக்னர்சேத்தரிலும், சோங்ஸ்வானிலும் மெட்ரோ பாதைகள் முடிகின்றன. காட்டின் கிழக்கு விளிம்பில் யோவிக் ரயில் பாதை ஓடுகிறது. வடக்கே குரூவா நிலையத்தில் இறங்கி, காட்டின் ஊடாக ஒஸ்லோவை நோக்கித் தெற்கே ஓட்டி வருவது சரளை டயர் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பாதை. மெட்ரோவில் இடமிருந்தால் மட்டுமே சைக்கிளை ஏற்றலாம். குழந்தை வண்டிகளுக்கும் சக்கர நாற்காலிகளுக்கும்தான் முதலிடம். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஃப்ரொக்னர்சேத்தரில் ஏற முயன்றால் இரண்டு வண்டிகளைப் போகவிட்டுக் காத்திருக்க நேரலாம். அதற்குள் கீழே இறங்கியே வீட்டுக்குப் போய்விடலாம்.